பார்த்துக்கொண்டு நின்றோம்

பதிலை அனுப்பி முடித்த பிறகுதான் அத்தான் அதை எனக்குக் காட்டினார்.

“கொம்பனிக்காரர் கேட்டிருந்தவை. உள்ளதை உள்ளபடி சொல்லிப்போட்டன்” என்று தொலைபேசியை நீட்டினார். முகத்தில் சோதனை எழுதி முடித்த பிள்ளையின் நிம்மதி.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். நான் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கி வாசித்தேன். மேலே இருந்தது, இணையத்தில் வீடுகளையும் அறைகளையும் வாடகைக்குப் பதிவு செய்து கொடுக்கிற கொம்பனியின் கடிதம். போன வாரம் எங்கள் வீட்டில் தங்கிய ஹன்னா என்ற பெண், தன்னை இங்கே ‘வோச்’ பண்ணினார்கள் என்று முறைப்பாடு செய்திருக்கிறாள், விளக்கம் தேவை. அவள் எழுதிய முறைப்பாட்டையும் அதோடு இணைத்திருந்தார்கள். கீழே அத்தானின் பதில். அவர் தமிழில் பேச, தொலைபேசி அதை ஆங்கிலமாக்கியிருந்தது. அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கினால் இப்படி வரும்:

‘ஆம், நாங்கள் அவரைக் கண்காணித்தோம். எங்களிடம் வருகிற எல்லோரையும் கண்காணிக்கிறோம். என் மனைவி மேசைக்குப் பக்கத்தில் நின்று கண்காணிப்பார். அவருடைய தங்கை கதவுக்குப் பின்னால் நின்று கண்காணிப்பாள். விருந்தினர் முடிக்கும்வரை எங்களில் யாரும் அந்த இடத்தைவிட்டு அசைவதில்லை.’

கதவுக்குப் பின்னால் நிற்கிற அந்தத் தங்கை நான்தான்.

“அத்தான், இது…” என்றேன். மிச்சம் வரவில்லை. எனக்கு அது பழக்கம். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதும் குரல் வரவில்லை. அடுத்த நாள் நானும் போகவில்லை. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மூன்று வருடமாகிறது.

“நல்லா வந்திருக்கெல்லே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அத்தான் முச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போய்விட்டார். முதல் படகில் தீவைச் சுற்றிப் பார்க்க வருகிற ஆட்களைக் கோட்டைக்கும் பெரிய பெருக்கமரத்துக்கும் ஏற்றி இறக்குவது அவருடைய காலை வேலை.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அக்கா கோசலாவும் அத்தான் ஜெகதீசும் படுத்த அறை. நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பின்னேரப் படகில் திரும்பி ஓடுகிறார்கள், இரவு தங்க இடமிருந்தால் தங்குவார்கள் என்று அக்காதான் கணக்குப் போட்டாள். அறையோடு குளியலறை கட்டி, வெள்ளையடித்து, வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் விறாந்தையில் பாய் போட்டார்கள். கட்டாருக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சிக்காரன் இந்த மாத முடிவுக்குள் அத்தானிடம் முடிவு கேட்டிருந்தான். அறை ஓடினால் அத்தான் போகத் தேவையில்லை. ஓடாவிட்டால் போகத்தான் வேண்டும். இந்தச் சனிக்கிழமை நாலு பேர் சைக்கிள்களோடு வருகிறார்கள், மூன்று இரவு. இரண்டு பேர் அறையில், இரண்டு பேர் வேப்பமரத்தடியில் கூடாரத்தில். அக்கா அந்த நாலு பேரையும் கடவுள்மார் மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹன்னா தனியாக வந்தவள். ஒல்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊர். ஒல்லாந்தர் எங்கள் தீவுக்கு வைத்துவிட்டுப் போன பெயரும் அதுதானாம். தன் ஊரின் பெயரைத் தேடிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருந்தாள். அக்கா அவளுக்குப் புட்டு அவித்து, நண்டுக்கறி வைத்து, சொதிச் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள். அத்தான் மறுபக்கம் பழத்தோடு நின்றார். எங்கள் வீட்டில் விருந்தாளி சாப்பிடும்போது வீட்டார் உட்காருவதில்லை. சாப்பாட்டுக் கோப்பையில் சோறு குறைவது கண்ணில் பட்டவுடனே போட வேண்டும். விருந்தாளி வாய் திறந்து கேட்கும்படி வைத்தால் அதைவிட மானக்கேடு இல்லை.

பத்தரைக்கு இரண்டாவது கடிதம் வந்தது. அத்தான் இறங்குதுறையிலிருந்து பறந்து வந்தார். ‘உங்கள் பதில் எங்கள் கவலையைக் கூட்டியிருக்கிறது. உங்கள் அறை இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. இன்று மாலை நாலு மணிக்கு முன் தெளிவான விளக்கம் வராவிட்டால் சனிக்கிழமை விருந்தினர் வேறிடத்துக்கு மாற்றப்படுவார்கள்.’

“உண்மையைத்தானே சொன்னனான்” என்றார் அத்தான்.

“என்னத்தைச் சொல்லித் துலைச்சியள்?” என்று அக்கா அகப்பையோடு குசினியிலிருந்து வந்தாள்.

“நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள் எண்டு.”

“அதில என்ன பிழை? நிண்டனாங்கள்தானே.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கே பிழை என்று அவர்களுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சொல்லத்தான் வரவில்லை.

அத்தான் போய்க் கிளாக்கர் அரியநாயகத்தாரைக் கூட்டி வந்தார். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். தீவில் யாருக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் வேண்டுமென்றாலும் அவர்தான். கதிரையில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, தேத்தண்ணி குடித்து, ஒரு பக்கம் எழுதினார். பிறகு நிமிர்ந்து உரக்க வாசித்துத் தமிழிலும் சொன்னார்.

“தங்கள் மேலான சமூகத்துக்குப் பணிவுடன் அறியத்தருவது… இது தொடக்கம். இனித்தான் முக்கியமான இடம். வோச் எண்டது கீழ்ச்சொல். காவல்காரன் செய்யிறது. அதை வெட்டிப்போட்டு ஒப்சேர்வ் எண்டு போட்டிருக்கிறன். நாங்கள் எங்கள் விருந்தினரை மிக நுணுக்கமாக ஒப்சேர்வ் பண்ணுறம். எப்பிடி?”

“சொல்லே பெரிசாத்தான் கிடக்கு” என்றார் அத்தான் மரியாதையாக.

என் கொப்பியில் அந்தச் சொல் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நான் ஆங்கிலச் சொற்களைத் தனித்தனியாக எழுதுவதில்லை. ஒரே கருத்துப் போலத் தெரிகிற சொற்களைக் குடும்பமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை யார் யாரிடம் சொல்வார்கள் என்று குறித்து வைப்பேன். இப்படி ஐந்து கொப்பிகள், தையல் பெட்டியின் அடியில். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒப்சேர்வ் என்பதற்கு எதிரே ‘வைத்தியர் நோயாளியை, பொலிஸ் சந்தேகக்காரனை, ஆராய்ச்சிக்காரர் பறவையை’ என்று எழுதியிருந்தேன்.

கிளாக்கர் கடிதத்தை மடித்து அத்தானிடம் நீட்டினார்.

“ஐயா, அது பொலிஸ்” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். என் குரல்தான் அது என்று நம்புவதற்கு எனக்கே கொஞ்ச நேரம் எடுத்தது.

“ஆர் பொலிஸ்?” என்றார் கிளாக்கர்.

“அந்தச் சொல்லு. வோச்சைவிட மோசம். அதை அனுப்பினா அறையைச் சாத்தியே போடுவாங்கள்.”

“உமக்கென்னெண்டு தெரியும்?”

சொல்லிக் காட்ட ஏலாது. ஓடிப்போய்த் தையல் பெட்டியைக் கவிழ்த்து, கொப்பியை எடுத்து வந்து மேசையில் பன்னிரண்டாம் பக்கத்தை விரித்தேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“இது எப்ப தொடக்கம்?” என்றாள்.

“பள்ளிக்கூடம் விட்டதில இருந்து.”

“உடுப்புத் தைக்கிறனெண்டு உள்ளுக்குப் போறது இதுக்குத்தானோ? அதுதானே பாத்தன், மூண்டு வருசமா ஒரு சட்டையும் வெளியில வரேல்லை.”

கிளாக்கர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, பக்கத்தை மூக்கோடு ஒட்டி வாசித்தார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் கடிதத்தை எடுத்து அந்த வரியைக் குறுக்கே வெட்டினார்.

“எனக்குத் தெரிஞ்சது கந்தோர் இங்கிலிஸ், தங்கச்சி. இது சாப்பாட்டு மேசை. சரி, அப்ப எந்தச் சொல்லு? நேரம் போகுது.”

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒரு திருவிழா மாதிரி. பன்னிரண்டாம் பக்கத்தில் பார்ப்பதற்கு மட்டும் பதினொரு சொற்கள் இருந்தன. கிளாக்கர் ஒவ்வொன்றாகக் கூப்பிட, நான் இல்லை, ஓம் என்று சொல்லிக்கொண்டே போனேன். ஸ்டெயர் என்றால் கண் வெட்டாமல் முறைத்துப் பார்ப்பது. ஹன்னா முறைப்பாட்டில் அதையும் எழுதியிருந்தாள், நாங்கள் திருப்பிச் சொல்லக்கூடாது. க்ளான்ஸ் என்றால் ஒரு நொடி பார்ப்பது. அக்கா முக்கால் மணித்தியாலம் நின்றவள், பொய்யாகிவிடும்.

“கேய்ஸ்?” என்றார் கிளாக்கர். “அதில ஒரு மரியாதை கிடக்கு.”

“அது ஐயா… விருப்பமான ஆளை மயங்கிப்போய்ப் பாக்கிறது.”

“ஐயோ, அது வேண்டாம்” என்றாள் அக்கா. “இவரும் பக்கத்தில நிண்டவர்.”

“நான் வாழைப்பழத்தைத்தான் பாத்தனான்” என்றார் அத்தான்.

“லுக் ஆஃப்டர்?” என்று கிளாக்கர் அடுத்ததுக்குப் போனார்.

அது பராமரிப்பது. கருத்து நல்லது. ஆனால் கொப்பியில் எதிரே ‘சின்னப் பிள்ளையை, நோயாளியை, பக்கத்து வீட்டு நாயை’ என்று இருந்தது. ஹன்னாவுக்கு முப்பத்தைந்து வயது. தன்னந்தனியாகப் பாதி உலகம் சுற்றியவள். அவளைப் பராமரித்தோம் என்றால் இன்னும் கோபிப்பாள். சொற்கள் முடிந்துகொண்டே வந்தன. மணி இரண்டாகிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை. கிளாக்கரை மட்டும் இருத்தி அக்கா சோறு போட்டாள்; போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே தலையை ஆட்டினார்.

“எனக்கிது ஒண்டும் செய்யேல்லையே” என்றார். “அந்தப் பொம்பிளைக்கு மட்டும் ஏன் குத்தினது?”

நான் ஹன்னாவின் முறைப்பாட்டை மறுபடி எடுத்து வாசித்தேன். அவ்வளவு நேரமும் ஒரே சொல்லையே பார்த்துக்கொண்டிருந்ததில் கடைசி வரியை விட்டுவிட்டேன். ‘எனக்கு அலோன் ஆகச் சாப்பிட மட்டுமே ஆசையாக இருந்தது.’

“தனியச் சாப்பிட ஆசைப்பட்டவவாம்” என்றேன்.

“தனியச் சாப்பிட ஆர் ஆசைப்படுவினம்?” என்றாள் அக்கா. “ஐயோ, அந்தப் பிள்ளை தனிச்சுப்போய் இருக்குதே எண்டுதானே நான் கால் கடுக்க நிண்டனான்.”

பிழை அங்கேதான் இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் ஹன்னா தன் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் கல்வேலியோரம் குந்தியிருந்தாள். அக்கா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி, அவளை அதில் இருத்தி, அங்கேயும் பக்கத்தில் நின்றாள். ஹன்னா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஆட்கள் நிறைந்த கலியாண வீட்டில் நான் சிரிக்கிற சிரிப்பு அது. தெரிந்தும் நான் அக்காவைக் கூப்பிடவில்லை.

ஆங்கிலத்தில் தனிமைக்கு இரண்டு வீடு இருக்கிறது. அலோன் என்றால் பக்கத்தில் ஆளில்லை, அவ்வளவுதான். அதில் சந்தோசமாகவும் இருக்கலாம். லோன்லி என்றால் ஆளில்லையே என்று நெஞ்சு காய்வது. ஆயிரம் பேர் நடுவிலும் அது வரும். அக்கா ஒன்றைக் கண்டு மற்றதென்று நினைத்துவிட்டாள். நாங்கள் தேடவேண்டிய சொல் ஹன்னாவைப் பற்றியது. இவ்வளவு நேரமும் எங்களைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தோம்.

கிளாக்கரின் பேனாவைக் கேட்காமலே எடுத்தேன். ஹன்னாவுக்கே சொல்வதுபோல் எழுதியது இவ்வளவுதான்:

‘எங்கள் வீட்டில் விருந்தாளி முதலில் சாப்பிடுவார். அவர் சாப்பிடும்வரை நாங்கள் பக்கத்தில் நிற்போம். அவர் இன்னும் வேண்டுமென்று கேட்க வேண்டி வந்தால் எங்களுக்கு வெட்கம். ஆகவே நாங்கள் உங்கள் கோப்பையைப் பார்த்தோம். நீங்கள் லோன்லி என்று நினைத்தோம். நீங்கள் அலோன் ஆக மட்டுமே இருந்தீர்கள். எங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. சொரி.’

“சொரி காணாது” என்றார் கிளாக்கர். “சின்னப்பிள்ளை சொல்லுறது. ஆழ்ந்த கவலை, றிகிறெற், தெரிவிக்கிறோமெண்டு போடு.”

“ஐயா, நீங்கள் கச்சேரியில அந்தச் சொல்லை எப்ப அடிச்சனீங்கள்?”

“விண்ணப்பம் சரிவரேல்லையெண்டு எழுதேக்குள்ள.”

“எழுதேக்குள்ள உங்களுக்குக் கவலையா இருந்ததோ?”

“ஒரு நாளும் இல்லை” என்றார். “சரி. சொரி எண்டே கிடக்கட்டும்.”

மூன்றேகாலுக்கு அனுப்பினோம். அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. கிளாக்கர் வீட்டுக்குப் போகாமல் இருந்தார். அத்தான் முற்றத்தில் நடந்தார். மூன்று ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது. எழுத்தில் அல்ல, அழைப்பு. கொம்பனியிலிருந்து நேரடியாக.

அத்தான் அதைக் கிளாக்கரிடம் நீட்டினார். கிளாக்கர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “எழுதினவள் கதைக்கட்டும்.”

“எனக்கு ஏலாது” என்றேன்.

“நாலு மணியாகப்போகுது, அஜந்தா” என்றாள் அக்கா. அவள் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. அந்த முகத்தை அதற்கு முதல் ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன், ஏஜென்சிக்காரன் அத்தானின் பாஸ்போட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு போன அன்று.

வாங்கிக் காதில் வைத்தேன். ஒரு பெண் பேசினாள். அவசரமில்லாத குரல். நீங்கள்தான் கடிதம் எழுதினீர்களா? ஓம். வீட்டில் எங்காவது கமெரா இருக்கிறதா? இல்லை. உங்கள் கடிதம் ஹன்னாவுக்கு அனுப்பப்பட்டது. அவர் முறைப்பாட்டை மீளப் பெறச் சம்மதித்திருக்கிறார். ஆனால் எங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். இனி வருகிற விருந்தினருக்குப் பக்கத்திலும் இப்படித்தான் நிற்பீர்களா?

இதற்கு நான் பதில் சொல்ல ஏலாது. தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் கேட்டேன். “இனி வாறாக்களுக்குப் பக்கத்தில நிப்பியளோ எண்டு கேக்கினம்.”

“நிக்காம?” என்றாள் அக்கா.

“அக்கா.”

“நிக்காம என்னெண்டு சாப்பாடு குடுக்கிறது? நாய்க்கு வைக்கிற மாதிரி வைச்சிட்டுப் போறதோ?”

அத்தான் வாயைத் திறந்தார். கிளாக்கர் அவரின் கையைப் பிடித்து நிறுத்தினார். அக்கா சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள், இன்னொரு தரம் துடைத்தாள்.

“கேட்டுப்போட்டு நிக்கிறன் எண்டு சொல்லு” என்றாள். “நிக்கட்டோ வேண்டாமோ எண்டு அவையளிட்டையே கேக்கிறன். வேண்டாமெண்டா உள்ளுக்குப் போறன். சொல்லு.”

கேட்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள். விசாரிப்பதற்கு ஒன்று, வேண்டுவதற்கு ஒன்று, அதட்டிக் கேட்பதற்கு ஒன்று. எல்லாம் கொப்பியில் இருக்கின்றன. நான் அவற்றில் ஆகச் சின்னதை எடுத்தேன். ‘நாங்கள் முதலில் அவர்களை ஆஸ்க் பண்ணுவோம்’ என்றேன். தெளிவாக, ஒரே மூச்சில். என் குரல் அந்த அறையில் அவ்வளவு நேரம் நின்றதே இல்லை.

அந்தப் பெண் மெல்லச் சிரித்தாள். எங்கள் அம்மாவும் இப்படித்தான் என்றாள். எந்த நாட்டு அம்மா என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது, அவள் வைத்துவிட்டாள்.

நாலு மணிக்கு மூன்று நிமிடம் இருக்க, நிறுத்தி வைக்கப்பட்ட அறை தொலைபேசியில் மறுபடி பச்சை நிறத்தில் தெரிந்தது. கீழே சனிக்கிழமை, நாலு பேர், மூன்று இரவு. அத்தான் அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு ஏஜென்சிக்காரனுக்கு அழைத்து, “தம்பி, நான் வரேல்லை. ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன்” என்றார். அக்கா அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அவள் தோள் குலுங்கியதை நாங்கள் எல்லோரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

பின்னேரம் ஒத்திகை தொடங்கியது. விருந்தாளியிடம் என்ன கேட்பது என்று நான் அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதலில், ‘உங்களுக்குக் கொம்பனி வேண்டுமா, அமைதி வேண்டுமா’ என்று ஒரு வசனம் செய்தேன். அங்கே கொம்பனி என்றால் கூட இருப்பது.

“சாப்பிடுற நேரத்திலயும் அவங்களை ஏன் இழுக்கிறாய்?” என்றாள் அக்கா.

‘லீவ் யூ அலோன்’ என்று வைத்துப் பார்த்தோம். அது ‘தொலைஞ்சுபோ, உன்னை விட்டிட்டன்’ என்பது போல் ஒலித்தது. கடைசியில் ‘எங்களோடயா, நீங்கள் மட்டுமா’ என்கிற மாதிரி, வித் அஸ் ஓர் பை யுவர்செல்ஃப் என்பதில் நின்றோம். அக்கா பத்துத் தரம் சொன்னாள். பதினோராவது தரம் ஒரு ஒல்லாந்துக்காரியிடமே கேட்கலாம் போலிருந்தது.

அத்தான் விருந்தாளியாக மேசையில் இருந்தார். கால் மேல் கால் போட்டுக்கொண்டார். அக்கா புட்டை வைத்து, சொதி ஊற்றி, கைகட்டி நின்று வசனத்தைச் சொன்னாள்.

“பை மைசெல்ஃப்” என்றார் அத்தான் மிகவும் கம்பீரமாக.

அக்கா குசினிக்குள் போனாள். நாங்கள் காத்திருந்தோம். உள்ளே மூடி ஒன்று திறந்து மூடிய சத்தம், பிறகு இன்னொன்று. அத்தான் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். அக்கா சொதிச் சட்டியோடு மேசையைத் தாண்டி யன்னல்வரை போய், யன்னலிலிருந்து திரும்பி, மறுபடியும் மேசையைத் தாண்டினாள்.

“கோசலா, அவையள் வேண்டாமெண்டெல்லே சொன்னவை” என்றார் அத்தான்.

“நான் எங்க நிக்கிறன்?” என்று அக்கா அவருடைய கோப்பையில் ஒரு அகப்பை சொதியை ஊற்றினாள். “நடந்துகொண்டெல்லே இருக்கிறன்.”